சிம்பொனிக் பேண்டுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

என் இருபத்தேழாவது வயதில் எனக்கு ஒரு சொல் கிடைத்தது. பிறருக்கு அந்த வயதில் உத்தியோக உயர்வு கிடைக்கும், ஆண் பிள்ளை கிடைக்கும். எனக்குக் கிடைத்தது 'சிம்பொனிக்' என்ற இங்கிலீஷ் சொல். அதை வைத்துக்கொண்டு ராயபுரத்தில் ஒன்றரை வருஷம் நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்போது நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் ரைட்டர். ரைட்டர் என்றதும் ஏதோ நூலாசிரியன் என்று நினைத்துவிட வேண்டாம். சீமையிலிருந்து வரும் பெட்டிகளை எண்ணி நோட்டில் கோடு போடுகிறவனுக்கு அங்கே அந்தப் பட்டம். பீங்கான் பெட்டிகளை உடைசல் பார்ப்பதற்காகப் பிரிப்போம். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பழைய லண்டன் பத்திரிகைகளைக் கசக்கி நடுநடுவே திணித்திருப்பார்கள். மற்ற ரைட்டர்கள் அதைக் குப்பையில் போடுவார்கள். நான் முழங்காலில் வைத்து நீவி, மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பேன். என் இங்கிலீஷ் ஞானம் முழுவதும் தேநீர்க் கோப்பையைச் சுற்றி வந்ததுதான்.

அப்படி வந்த ஒரு தாளில் ஏதோ ஒரு கச்சேரியைப் பற்றிய விமரிசனம் இருந்தது. எண்பது பேர் மேடையில் உட்கார்ந்து வாசித்தார்களாம். அரைப் பத்திக்குள் மூன்று இடத்தில் 'சிம்பொனிக்' வந்தது. எழுதியவர் அந்தச் சொல்லைப் போடும்போதெல்லாம் மெய்ம்மறந்து போயிருக்கிறார் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அர்த்தம் ஒருவேளை கீழ்ப்பாதியில் இருந்திருக்கலாம். கீழ்ப்பாதி வேறு கோப்பையோடு வேறு கடைக்குப் போய்விட்டது. நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: நிறையப் பேர் சேர்ந்து, பலமாக, பிரமாதமாக வாசித்தால் அது சிம்பொனிக்.

அன்றிலிருந்து எனக்குச் சிம்பொனிக்காக இல்லாத பொருளே உலகத்தில் இல்லை. திருவொற்றியூர்த் தேரன்று பத்து நாகசுரம் ஒன்றாக முழங்கியது சிம்பொனிக். பெரம்பூர் ரயில் பட்டறைச் சங்கு ஊதியது சிம்பொனிக். ஒரு வாரப் பத்திரிகைக்கு 'சங்கீத ரசிகன்' என்ற பெயரில் நான் எழுதிய கடிதத்தை அவர்கள் பிரசுரித்தார்கள். எட்டு வரிக் கடிதத்தில் அந்தச் சொல் நான்கு முறை வந்தது. ஒருநாள் வீட்டில் நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அதையும் சிம்பொனிக் என்று சொன்னேன். என் மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உப்பு தூக்கலா கீதா, கம்மியா கீதா? அத்தச் சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

அர்த்தம் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. எங்கள் வாசகசாலையில் ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி இருந்தது. அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்திருப்பார்கள். சாவி காரியதரிசியிடம். யாராவது பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தார்; அகராதி பார்க்கிறவர் தேதி, தம் பெயர், பார்க்கப் போகும் சொல் மூன்றையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு வருஷமாக நாள்தோறும் அதே வாசகசாலையில் 'சிம்பொனிக், சிம்பொனிக்' என்று கர்ஜித்துவிட்டு, நான் எப்படி அந்த நோட்டில் அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்? யாரும் என்னிடம் அர்த்தம் கேட்டதும் இல்லை. கேட்டால் தமக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று பேசாமல் இருக்கிறார்கள் என நினைத்து, உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் கிளாரினெட் பாய் என்னைத் தேடிக் கிடங்குக்கு வந்தார்.

பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஆறு பேர் கொண்ட ஒரு பேண்டு செட்டுக்கு அவர் தலைவர். அவர் கிளாரினெட், இரண்டு பேர் கார்னெட் என்ற சின்னப் பித்தளைக் குழல், ஒருவர் தோளில் மாட்டிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல், ஒருவர் டிரம், ஒருவர் ஜால்ரா. கல்யாணத்துக்கும் போவார்கள். ஆனால் பெரும்பாலும் ராயபுரத்துக் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலந்தான். சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலிலிருந்து காசிமேட்டுக் கல்லறை வரைக்கும் வெயிலில் நடந்தபடியே ஊதுவார்கள்.

அத்தனை தூரம் நடந்துகொண்டே ஊத யாருக்கும் மூச்சு போதாது. ஆகவே பாய் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தாம் இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். அதற்குப் பதில் சொல்வதுபோல் கார்னெட்டுகள் வேறொன்றை வாசிக்கும். பெரிய குழல் அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே வரும். டிரம்முக்குத் துணி சுற்றியிருக்கும். கார்னெட்டு ஓயும் சமயத்தில் பாய் நடுவில் எங்கிருந்தோ மெல்ல நுழைவார். 'மொற வச்சு ஊதறது' என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கிடங்கு வாசலிலிருந்து நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆறு பேரும் சேர்ந்து வாசிக்கச் சக்தியில்லாத ஏழைப் பேண்டு என்று பரிதாபப்பட்டிருக்கிறேன். இதுதான் என் சங்கீத ரசனை.

பாய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ரைட்டரே, ஒரு ஒத்தாசை பண்ணணும். தண்டையார்பேட்டை பயாஸ்கோப் கொட்டாயில பேண்டு வெக்கப் போறாங்களாம். குந்திகினு ஊதற வேலை. டாக்டரு என் மாரைத் தட்டிப் பார்த்துட்டு, நடந்துகினு ஊதினா ரெண்டு வருசங்கூடத் தாங்க மாட்டேன்னுட்டாரு. குந்திகினு ஊதினா பயமில்லையாம். இது கெடச்சா பொழச்சிக்குவேன். இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

அது ஊமைப்படக் காலம். படம் திரையில் ஓட, அதற்குத் தக்கபடி கீழே உட்கார்ந்து யாராவது வாசிக்க வேண்டும். கொட்டகை முதலாளிக்குச் சங்கீதம் தெரியாது. ஆகவே பெரம்பூர்ப் பட்டறை பேண்டில் இருபது வருஷம் வாசித்துப் பென்ஷன் வாங்கிய ஒரு சட்டைக்காரத் துரையிடம், அதாவது ஓர் ஆங்கிலோ இந்தியரிடம், தேர்வு செய்யும் பொறுப்பை ஒப்படைத்திருந்தார். கடிதம் அவருக்குத்தான். ஒரு மனிதன் தன் உயிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் சொல்லுக்கு ஏற்ற இடம் வந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன். 'இந்தப் பேண்டு முற்றிலும் சிம்பொனிக் தன்மை வாய்ந்தது என்று ஓர் அனுபவமுள்ள ரசிகன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன்' என்று இங்கிலீஷில் போட்டு, அடியில் கோடு கிழித்து, கையெழுத்துக்குக் கீழே இரண்டு சுழி சுழித்தேன். பிறகு குரலை ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினேன். பாய் கண்ணை மூடிக் கேட்டார்.

"நடுவுல பெரிசா ஒண்ணு படிச்சீங்களே, கோடு போட்டது. அதுக்கு இன்னா அர்த்தம்?"

ஒன்றரை வருஷத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். நான் ஜன்னல் வழியே வெளியே தெரிந்த கிரேனைப் பார்த்தேன். அது ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"அதாவது பாய், எல்லாரும் ஒண்ணா, ஒரே மூச்சா, இடைவெளியே இல்லாமல் பலமா வாசிக்கிறது. எண்பது பேர் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும்."

"நாங்க ஆறு பேருதானே கீறோம்?"

"அதனால்தான் இன்னும் பலமா."

பாய் கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்ப மொற வச்சு ஊதக் கூடாதுங்கிறீங்க."

"கூடவே கூடாது. அதெல்லாம் கல்லறைக்குச் சரி. இது சிம்பொனிக். நடுவிலே மூச்சு விட்டால் போச்சு" என்றேன். மூச்சு விட்டால் போச்சு என்று அந்த மனிதரிடம் போய்ச் சொன்னேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் வெளுக்கும் துறை ஓரமாக ஒரு திடலில் மாலைதோறும் பழகினார்கள். மூன்று நாள் நானும் போனேன். சும்மா போகவில்லை, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஆட்டிக்கொண்டு நின்றேன். லண்டனில் அப்படி ஒருவர் ஆட்டுவார் என்று அந்தக் கிழிந்த தாளில் படித்திருந்தேன். ஆறு பேரும் ஒரே பாட்டை ஒரே சமயத்தில் தொண்டை நரம்பு புடைக்க ஊதினார்கள். டிரம்மிலிருந்து துணியை அவிழ்க்கச் சொன்னது நான். முதல் நாளே கழுதைகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. ஒரு சலவைக்காரர் வந்து, "இன்னா நைனா இது பேஜாரு, எப்ப முடியும்?" என்று என்னைக் கேட்டார். ஞானமில்லாதவர் என்று நினைத்து, அவருக்குப் பதில் சொல்லாமல் பென்சிலை ஆட்டினேன். பாய் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை திடலில் உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டதையும் பார்த்தேன். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கொட்டகைக்குள் மணலில் திரைக்கு முன்னால் ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கோட்டும் தலைப்பாகையுமாகப் போய் முதல் வகுப்பில் உட்கார்ந்தேன். பாய் தம் நாற்காலியில் உட்கார்ந்து, அதன் கைப்பிடியை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"இன்னா சொகமா கீது, ரைட்டரே" என்றார் என்னைப் பார்த்து.

துரை வந்தார். ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளை மீசையோடு. என் கடிதம் அவர் பையில் இருந்தது. தலையை அசைத்தார். ஆறு பேரும் ஆரம்பித்தார்கள்.

அந்தச் சத்தத்தை என்னால் வர்ணிக்க முடியாது. கொட்டகைத் துணி அதிர்ந்து மேலிருந்து தூசி கொட்டியது. முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். அதை நான் வியப்பின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். பாய் மட்டும் ஒரு முறையாவது வாயிலிருந்து குழலை எடுக்க வேண்டுமே, எடுக்கவில்லை. நான்காவது சுற்றில் கிளாரினெட் கிறீச்சென்று கத்தி நின்றது. பாய் முன்பக்கமாகக் குனிந்து இருமத் தொடங்கினார். மற்ற ஐந்து பேரும் நிறுத்தவில்லை. எது நடந்தாலும் நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன். துரை எழுந்து இரண்டு கையையும் உயர்த்தியபிறகுதான் ஓய்ந்தார்கள்.

துரை என் பக்கம் திரும்பினார்.

"நீதானே மேன் லெட்டர் எழுதினது?"

"ஆமாம்" என்று எழுந்து நின்றேன்.

"போன மாசம் என் தோஸ்தை அடக்கம் பண்ணக் காசிமேட்டுக்குப் போனேன். இதே ஆறு பேரு. ஒருத்தன் சொல்றான், இன்னொருத்தன் பதில் சொல்றான். பெரிய குழல் அடியில புடிச்சுகினு நிக்குது. டிரம்மு கேக்குதா இல்லையான்னு கீது. ஆளுக்கு ஒரு வேலை. எல்லாம் சேந்து ஒண்ணு ஆவுது. நான் அழுதுட்டேன் மேன். உன் லெட்டர்ல அந்த வார்த்தையைப் பார்த்ததும், அட, கிடங்கு ரைட்டருக்கு இது புரிஞ்சிருக்கேன்னு நெனச்சேன். அந்த வார்த்தைக்கு அதுதானே அர்த்தம்? அதக் கேக்கத்தான் வந்தேன். அது எங்க?"

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். துரையும் காத்திருந்தார். நான் என் குடையின் பிடியில் ஏதோ அழுக்கு இருப்பதாகக் கண்டுபிடித்து அதைச் சுரண்டினேன்.

பாய்தான் இருமலுக்கு நடுவில் பேசினார். "ரைட்டரு கரீட்டாத்தான் சொல்லிக் குடுத்தாரு தொர. எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியல."

"கல்லறையில வாசிச்ச மாதிரி ஒரு தபா வாசி பாக்கலாம்" என்றார் துரை.

பாய் கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்தார். மூச்சு வரவில்லை. இரண்டாம் முறையும் வைத்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, முதல் ஆட்டத்துக்கு ஜனங்கள் வந்துவிடுவார்கள் என்றார். ஒரு வாரத்தில் பெரம்பூரிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு பியானோ வந்து அந்த ஆறு நாற்காலி இருந்த இடத்தில் இறங்கியது.

மறுநாள் வாசகசாலைக்குப் போய், காரியதரிசியிடம் சாவி கேட்டேன். நோட்டில் எழுத வெற்றுப் பக்கம் தேடுகையில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அதே சொல் எனக்கு முன்பே மூன்று கையெழுத்துகளில் இருந்தது. மூன்றும் என் நெருங்கிய நண்பர்களுடையவை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, நான் முதல் தடவை அந்தச் சொல்லைப் பிரயோகித்த வாரத்திலேயே மூன்று பேரும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு தினந்தோறும் என் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க மட்டும்தான் பாக்கியா இருந்தீங்க" என்றார் காரியதரிசி.

வேறு சமயமாக இருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பேன். அன்று அது எனக்கு வலிக்கக்கூட இல்லை. நாலாவதாக என் கையெழுத்தைப் போட்டேன். அகராதியும் துரை சொன்னதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னது.

அடுத்த ஞாயிறு பெரம்பூருக்குப் போய்த் துரையைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பியானோவுக்கு ஒரு வருஷத்துக்கு முதலாளி பேசி முடித்துவிட்டதாகவும், வருஷம் கழிந்ததும் தாமே ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நேராக வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன்.

பாய் வாசலில் உட்கார்ந்து சிவப்புக் கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் அன்றைக்குச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்போதிலிருந்து?"

"அன்னிக்கே. நீங்க என் மூஞ்சியப் பாக்காம கிரேனைப் பாத்துகினு சொன்னீங்க. நான் முப்பது வருசமா ஊதறவன். மூச்சு வுடாம ஊதறது எப்படி சங்கீதமாவும்னு எனக்குத் தோணாதா?"

"பின்னே ஏன் கேட்கவில்லை?"

பாய் நூலைப் பல்லால் கடித்தார். "கேட்டா உங்களுக்கு அவமானமாப் பூடுமேன்னு இருந்துட்டேன். அதோட, படிச்சவரு சொல்றாரு, நமக்குத்தான் ஒருவேளை தெரியலையோன்னு ஒரு பயம். தெரியாதுன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தாப் போதும் ரைட்டரே. நாங்க எப்பவும் ஊதறத ஊதிட்டு வந்திருப்போம்."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, ராயபுரத்தில் ஒரு சாவு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அன்று நான் ஊர்வலத்தின் பின்னால் கல்லறை வரை போனேன். யார் செத்தவர் என்று எனக்குத் தெரியாது. பாய் இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும், திரும்ப வாசிப்பாரா என்று பயந்துகொண்டே நடந்தேன். திரும்ப வாசித்தார்.

பாய் அந்த வருஷத்து மழைக்காலத்தைத் தாண்டவில்லை. நான் கொன்றேன் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு ஜம்பந்தான். டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் முன்பே ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் உட்கார்ந்து ஊத ஒரு நாற்காலி கிடைத்து, அதில் அவர் உட்கார்ந்தும் பார்த்தார். அங்கிருந்து அவரை எழுப்பிவிட்டது நான்.

வருஷம் கழிந்ததும் துரை சொன்ன வாக்குத் தவறாமல் ஆள் அனுப்பினார். ஐந்து பேர் போய் உட்கார்ந்தார்கள். முதல் நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் போய்த் தரையில் உட்கார்ந்தேன். பழையபடி முறை வைத்துத்தான் வாசித்தார்கள். கார்னெட்டுகள் தங்கள் பங்கை முடித்து, பாய் நுழைய வேண்டிய இடம் வந்ததும், இரண்டு பேரும் குழலை இறக்கிவிட்டுச் சும்மா இருந்தார்கள். பெரிய குழல் மட்டும் அடியில் அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வரி நேரம் அப்படியே போயிற்று. என் பக்கத்தில் இருந்தவர் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வரியையும் நான் முழுவதும் கேட்டேன்.